சிறுநீரில் நுரை வந்தால் எங்கிருந்து தொடங்குவது?

பெங்களூர் அல்சூர் வீட்டில் ஒரு நாள் அப்பா, "ஒண்ணுக்குப் போனா சோப்புத் தண்ணி மாதிரி நுரைக்குதுடா" என்றார். அவருக்குச் சுகர் வந்து 12 வருடம். கழிவறை கழுவும் திரவமாக இருக்கும் என்று நான் விட்டுவிட்டேன். இரண்டு மாதம் போய்விட்டது. உங்கள் வீட்டில் அப்படி நடக்கக் கூடாது.

படி 1: கழிவறையில் இரண்டு மூன்று முறை தண்ணீர் ஊற்றிவிட்டு, மறுநாள் பாருங்கள். சில்க் போர்டு சந்திப்பின் டிராஃபிக் நெரிசலில் அடக்கி வைத்திருந்து வேகமாகப் போனாலும் குமிழி வரும். அது சீக்கிரமே உடைந்துவிடும்.

படி 2: பெங்களூர்க் குளிரில் தாகமே தெரியாது. சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் வெளிர் மஞ்சள் ஆகும்வரை தண்ணீர் குடியுங்கள். டாக்டர் தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் அதை மீற வேண்டாம்.

படி 3: அப்படியும் சின்னச் சின்னக் குமிழிகள் அடுக்கடுக்காக நின்று, பல நாள் தொடர்கிறதா? அப்போது டெஸ்ட்தான். நம் வீடுகளில் "உப்பு போகுது" என்பார்கள். உண்மையில் போவது ஆல்புமின் என்ற புரதம். சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதானால் ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் கசிகிறது. வெள்ளைக்கருவை அடித்தால் நுரைக்குமே, அதுபோலத்தான் இதுவும். பெரும்பாலும் சுகரும் பிபியும்தான் காரணம். வலி இருக்காது, அதனால்தான் ஏமாந்துவிடுகிறோம்.

லேப்பில் "யூரின் ஏசிஆர்" என்று கேளுங்கள். சிறுநீரில் கிரியாட்டினின் என்ற கழிவோடு ஒப்பிட்டால் ஆல்புமின் எவ்வளவு என்று பார்க்கும் டெஸ்ட் இது. கூடவே ரத்தத்திலும் கிரியாட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். ஏசிஆருக்குக் காலையில் முதல் சிறுநீர். கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் இயல்பு. 30 முதல் 300 வரை கசிவு. 300-க்கு மேல் கசிவு அதிகம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி, மாதவிடாய் நாட்களில் எண் ஏறிவிடும். அதனால் ஒரே ரிப்போர்ட்டில் முடிவு கட்டாமல், டாக்டர் சொல்லும் இடைவெளியில் மறுபடி எடுங்கள்.

படி 4: ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பாருங்கள். பெங்களூர் விக்டோரியா மருத்துவமனை வளாகத்திலேயே சிறுநீரக நோய்களுக்கான அரசின் நெப்ரோ யூராலஜி நிறுவனம் இருக்கிறது. அதுவரை டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளைக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

முகமோ காலோ வீங்கினால், சிறுநீர் சிவந்தால், மூச்சு வாங்கினால் அன்றே போங்கள். கர்ப்பிணிகளுக்கு 20 வாரத்துக்குப் பிறகு தலைவலி, பார்வை மங்கல், வீக்கம் என்றால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

அப்புறம், சுகர் இருப்பவர்கள் நுரை வராவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை ஏசிஆர் எடுக்க வேண்டும். அப்பாவுக்கு 12 வருடமும் யாரும் அதைச் சொல்லவில்லை.