கரன்ட் போனாலும் சம்ப் வழியாமலிருக்க
பவளம் வளர்க்கும் பெரிய மீன்தொட்டியிலும், அதன் கீழே தண்ணீரை வடிகட்ட வைக்கும் சம்ப் தொட்டியிலும் உப்பு கலக்கும் முன்பே, வெறும் நன்னீரை ஓடவிட்டு பம்பை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். 240 செ.மீ. நீளம், 90 செ.மீ. அகலம் என்றால் நீர்மட்டத்தின் ஒவ்வொரு செ.மீ.யும் 21.6 லிட்டர். பம்ப் தண்ணீரை மேலே ஏற்றும் குழாயின் வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால், கரன்ட் போனதும் 108 லிட்டர் அதே குழாய் வழியே சைஃபனாக, அதாவது பம்ப் ஓடாமலேயே தானாக உறிஞ்சப்பட்டு, சம்புக்கு இறங்கும். அங்கே அவ்வளவு இடமில்லையென்றால் தரையெல்லாம் தண்ணீர்தான்.

வாயை 2 செ.மீ. ஆழத்துக்குள் வையுங்கள். குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 6 மி.மீ. துளையும் போட்டால், மட்டம் இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். இந்தத் துளையில் பாசி அடைக்கும், சில சமயம் நத்தையும் போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வப்போது குத்திவிடவும். தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வை மட்டும் நம்பாதீர்கள், சுண்ணாம்பு படிந்தால் முழுதாக மூடாது.

சோதனையில் வழியவில்லையா? பம்ப் ஓடும்போது சம்பில் நிற்கும் மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஊற்றாதீர்கள்.