தெருப்பூனைக் கருத்தடை: கூண்டு வைப்பதிலிருந்து திரும்ப விடுவது வரை

தெருப்பூனைகளைப் பிடித்து வேறு ஊரில் விட்டால் பிரச்சினை தீராது. உணவும் ஒதுங்க இடமும் இருக்கிற வரை புதுப் பூனைகள் வந்து சேரும். அதனால் பிடித்து, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும்.

1. கணக்கெடுப்பு

ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உணவு வையுங்கள். அரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். வரும் பூனைகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காது நுனி நேர்கோடாக வெட்டியிருந்தால் (பெரும்பாலும் இடது காது) அதற்கு ஏற்கெனவே கருத்தடை ஆகிவிட்டது. சண்டையில் கிழிந்த காது கோணல்மாணலாக இருக்கும்.

பெட்டைகளில் ஒன்றிரண்டு தப்பினாலும் உழைப்பு வீண். நான்கைந்து மாத வயதிலேயே சினை பிடிக்கும்; சினைக்காலம் சுமார் 9 வாரம்; குட்டிகளுக்குப் பால் கொடுக்கும்போதே அடுத்த சினையும் நிற்கும்.

2. முதலில் மருத்துவர், பிறகு கூண்டு

அறுவைக்குத் தேதி வாங்காமல் பூனையைப் பிடிக்காதீர்கள். கரையும் தையல், காது நுனி வெட்டு, ரேபிஸ் தடுப்பூசி மூன்றையும் அதே மயக்கத்திலேயே செய்யச் சொல்லுங்கள்.

3. பிடிப்பது

இரண்டு மூன்று நாள் கூண்டின் கதவைத் திறந்தபடி கட்டிவைத்து, உள்ளேயே உணவு வைத்துப் பழக்குங்கள். பிடிக்கும் நாளுக்கு முந்தைய நாள் உணவை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். குட்டிகளைப் பட்டினி போடக்கூடாது.

கம்பி காலில் பட்டால் பூனை தயங்கும், அடியில் செய்தித்தாள் விரியுங்கள். மிதிதகட்டுக்கு (பூனை மிதித்ததும் கதவை விழவைக்கும் தகடு) அடியில் தாள் சிக்கினால் கதவு விழாது, கையால் அழுத்திப் பாருங்கள். வாசனை தூக்கலான மீனைத் தகட்டுக்கு அப்பால், கடைசி மூலையில் வையுங்கள். தகட்டைத் தாண்டிக் காலை வைத்துத் தின்றுவிட்டுப் போகும் பூனைகள் உண்டு. தகட்டின் மேல் கொஞ்சம் அகலமான அட்டையை ஒட்டினால் மிதிக்காமல் போக முடியாது.

கூண்டை விட்டு நகராதீர்கள், தள்ளி நின்று கவனியுங்கள். கதவு விழுந்ததும் முழுக்கத் துணியால் மூடுங்கள். முட்டி மோதுவது சட்டென அடங்கும். உள்ளே கை விடவே வேண்டாம். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

மடி பருத்து, காம்பைச் சுற்றி முடி உதிர்ந்திருந்தால் அது பால் கொடுக்கும் தாய். குட்டிகள் எங்கோ காத்திருக்கும். மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, நன்கு தெளிந்ததும் அன்றே விட ஏற்பாடு செய்யுங்கள். குட்டிகளுக்கு இரண்டு மாதம் ஆகி எடை 1 கிலோவைத் தொட்டால் அவற்றுக்கும் செய்யலாம்.

4. தெளியும் வரை

மயக்கத்தில் உடல் சூடு குறையும். காற்றடிக்காத, கதகதப்பான இடத்தில் மூடிய கூண்டிலேயே இருக்கட்டும். தலையை நிமிர்த்தி நிதானமாக உட்காரும் முன் உணவு வைத்தால் புரையேறும். ரத்தம் சொட்டினாலோ, மூச்சுத் திணறினாலோ, நேரமாகியும் தெளியாவிட்டாலோ உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

5. விடுவது

கடுவனை மறுநாள் விடலாம். பால் கொடுக்காத பெட்டைக்கு ஒன்றிரண்டு நாள் வேண்டும். பிடித்த அதே இடத்தில், கூண்டின் வாசல் சாலையைப் பார்க்காதபடி திருப்பி வைத்துத் திறந்துவிடுங்கள். சில நாள் கண்ணிலேயே படாது, உணவை மட்டும் வழக்கமான நேரத்துக்கு வையுங்கள். கடுவனுக்குக் கருத்தடைக்குப் பிறகும் சில வாரம் சினைப்படுத்தும் திறன் மிச்சமிருக்கும். மீதிப் பெட்டைகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

கூண்டைக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த பூனைக்கு வையுங்கள். பயந்த பூனையின் சிறுநீர் வாடை இருந்தால் மற்றவை கிட்டே வராது.