ஜமைக்காவின் பண்பாட்டையும் பாட்வா மொழியையும் அறிந்துகொள்வது எப்படி?

ஜமைக்காவின் ஆட்சிமொழி ஆங்கிலம். பள்ளிப் பாடமும் நீதிமன்றத் தீர்ப்பும் நாளிதழும் ஆங்கிலத்தில் இருக்க, வீட்டிலும் சந்தையிலும் தெருவிலும் மக்கள் பேசுவது பாட்வா. ஆங்கிலம் தெரிந்தால் போதும் என்று எண்ணி அங்கே செல்பவருக்குக் கடைக்காரர் தம்மிடம் பேசுவது மட்டுமே விளங்கும். அவர் அடுத்த கடைக்காரரிடம் பேசுவது விளங்காது. அந்த நாட்டை உள்ளிருந்து அறிய விரும்புபவர் பாட்வாவிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதைக் 'கொச்சை ஆங்கிலம்' என்று கருதும் பழக்கத்தை முதலில் விட்டுவிட வேண்டும். 1655இல் ஸ்பானியரிடமிருந்து தீவைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஆப்பிரிக்காவிலிருந்து பெருந்திரளான மக்களை அடிமைகளாகக் கொண்டுவந்தனர். வெவ்வேறு மொழி பேசிய அந்த மக்கள், ஆங்கிலச் சொற்களையும் தம் தாய்மொழிகளின் இலக்கணப் போக்கையும் சேர்த்துப் புதிதாக உருவாக்கிக்கொண்ட மொழியே பாட்வா. சொற்களில் பெரும்பகுதி ஆங்கிலத்திலிருந்து வந்தவை என்றாலும், 'நீங்கள்' என்று பலரைக் குறிக்கும் 'உனு' மேற்கு ஆப்பிரிக்காவின் ஈபோ மொழியிலிருந்தும், பிள்ளையைக் குறிக்கும் 'பிக்னி' போர்த்துக்கீசிய மொழியிலிருந்தும் வந்தவை.

கற்கத் தொடங்குபவர் சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, முதல் சில வாரங்கள் காதைப் பழக்குவது நல்லது. ஆங்கிலத்தின் 'லிட்டில்' இங்கே 'லிக்கிள்' ஆகும். 'பாட்டில்' 'பக்கிள்' ஆகும். 'பாய்' 'ப்வாய்' ஆகும். சொல்லின் முதலில் வரும் ஹகர ஒலி சில இடங்களில் மறையும். வேறு சில இடங்களில் புதிதாக வந்து ஒட்டிக்கொண்டு, முட்டையைக்கூட 'ஹெக்' ஆக்கிவிடும். மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு: 'மி கியன் கோ' என்றால் என்னால் போக முடியும்; 'மி கியான் கோ' என்று உயிரொலியை நீட்டி மூக்கொலியோடு சொன்னால் போக முடியாது. குறில், நெடில் வேறுபாட்டில் பழகிய தமிழ்க் காதுக்கு இது விரைவில் பிடிபடும்.

அடுத்தது இலக்கணம். 'மி' என்ற ஒரே சொல் நான், என்னை, என்னுடைய என்ற மூன்று நிலைகளிலும் மாறாமல் நிற்கும். வினைச்சொல்லும் ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்பத் திரிவதில்லை. அதற்கு முன்னால் வரும் சிறு இடைச்சொல்லே காலத்தைக் காட்டும். 'மி நியாம்' என்றால் பெரும்பாலும் நான் சாப்பிட்டேன் என்று பொருள். இடையில் ஓர் அகரம் சேர்ந்து 'மி அ நியாம்' என்றானால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாகும். 'டி பிக்னி டெம்' என்பதில் இறுதியில் வரும் 'டெம்' பன்மையைக் குறிக்கிறது. ஒருவருக்கு உடல்நலம் இல்லை என்பதை 'இம் சிக்' என்ற இரண்டே சொற்களில் முடித்துவிடலாம். நடுவே துணைவினை தேவையில்லை. இவ்வமைப்புகளில் தேர்ச்சி வந்துவிட்டால், விரைந்து பேசப்படும் பேச்சும் துண்டு துண்டாகப் பிரிந்து கேட்கத் தொடங்கும்.

படிக்க விரும்புவோர் எழுத்துமுறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தழுவி அவரவர் விருப்பம்போல் எழுதுவதே பரவலான வழக்கம். மொழியியலாளர் ஃபிரெடரிக் காசிடி வகுத்த ஒலிப்புமுறை எழுத்தும் உண்டு. மோனாவிலுள்ள மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தில் 2002இல் அமைக்கப்பட்ட ஜமைக்கா மொழிப் பிரிவு அதைச் செம்மைப்படுத்திப் பயன்படுத்துகிறது. 2012இல் வெளியான பாட்வா புதிய ஏற்பாடும் இம்முறையிலேயே அச்சாகியுள்ளது. கதை முன்பே தெரிந்த நூல் என்பதால், தமிழ் விவிலியத்தை அருகில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி படிக்க அது மிகவும் ஏற்றது. செவிக்கு விருந்து வேண்டுமெனில் 'மிஸ் லூ' என்று நாடே அழைத்த லூயிஸ் பென்னட்டின் ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். 1919 முதல் 2006 வரை வாழ்ந்த அவர், படித்தவர்கள் பாட்வாவை இழிவாகக் கருதிய காலத்திலேயே அதில் கவிதை எழுதி மேடையேற்றியவர்.

பேசத் தொடங்கும்போது மொழியைவிட மரியாதை முக்கியம். கடையிலோ பேருந்திலோ காத்திருப்புக் கூடத்திலோ நுழைந்ததும் அங்கிருப்போர் அனைவருக்கும் வணக்கம் சொல்வது கட்டாயம் என்றே கொள்ளலாம். சொல்லாமல் நேரே விலை கேட்பது வளர்ப்பின் குறையாகவே பார்க்கப்படும். இருட்டிய பிறகு 'குட் நைட்' என்பது விடைபெறும் சொல் மட்டுமன்று, சந்திக்கும்போது சொல்லும் வணக்கமும்கூட. மூத்த பெண்களை மிஸ் என்றும் ஆண்களை மாஸ் என்றும் பெயருக்கு முன் சேர்த்து அழைப்பார்கள். 'வா க்வான்' என்ற நலம் விசாரிப்பை ஒத்த வயதினரிடம் பயன்படுத்தலாம். அறிமுகமில்லாத முதியவரிடம் ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொல்வதே தகும். நாம் செந்தமிழுக்கும் பேச்சுத்தமிழுக்கும் இடையே மாறுவதுபோல, ஜமைக்கர்களும் ஆளையும் இடத்தையும் பார்த்து ஆங்கிலத்துக்கும் பாட்வாவுக்கும் இடையே நகர்கிறார்கள். அந்நியர் ஒருவர் அவர்களுடைய உச்சரிப்பைப் பாவனை செய்வது கேலியாகத் தோன்றக்கூடும். பாட்வாவில் சொன்னதைப் புரிந்துகொண்டு இயல்பான ஆங்கிலத்தில் பதிலளிப்பவருக்குத்தான் மதிப்பு அதிகம். அவர்களே சொல்லித்தர முன்வரும்போது பேசிப் பழகலாம்.

பழகுவதற்குச் சிறந்த இடம் சந்தை. கிங்ஸ்டனின் கொரோனேஷன் சந்தையில் காய்கறி விற்கும் பெண்களை 'ஹிக்ளர்' என்பார்கள். வாங்கியதற்கு மேல் அவர்கள் கொடுக்கும் கொசுறுக்கு 'பிராட்டா' என்று பெயர். வணக்கம் சொல்லி, அவசரப்படாமல் நின்று பேசுபவருக்கு அது எளிதாகக் கிடைக்கும்.

வீட்டுப் பெரியவர்களிடம் பழமொழியும் அனான்சிக் கதையும் கேட்கலாம். அனான்சி என்பது கானாவின் அக்கான் மக்களிடமிருந்து வந்த தந்திரக்காரச் சிலந்தி. வலியவர்களை மதியால் வெல்லும் அந்தச் சிலந்தியின் கதைகளை அடிமை வாழ்விலும் மக்கள் கைவிடவில்லை. 'ஒன் ஒன் கோகோ ஃபுல் பாஸ்கெட்' என்ற பழமொழியில் கோகோ என்பது ஒருவகைச் சேம்பங்கிழங்கு. ஒவ்வொன்றாகப் போட்டால் கூடை நிறையும் என்பது பொருள். சிறுதுளி பெருவெள்ளம் என்று நாம் சொல்வதை அவர்கள் தோட்டத்திலிருந்து சொல்கிறார்கள்.

உணவில் அக்கியும் உப்புமீனும் தேசிய உணவு. அக்கிப் பழம் மரத்திலேயே தானாக வெடித்துத் திறந்த பின்னரே பறிக்க வேண்டும். திறவாத காயில் உயிருக்கே ஆபத்தான நஞ்சு உண்டு என்பதால், சமைக்கத் தெரிந்தவர் கையால் மட்டும் உண்ணுங்கள். ஆட்டுக்கறிக் குழம்பைச் சுவைக்கும்போது நம் நாட்டுத் தொடர்பு தெரியும்: 1845 மே 10 அன்று ஓல்ட் ஹார்பர் விரிகுடாவில் இறங்கிய முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களும், 1917 வரை அவர்களைத் தொடர்ந்து வந்தவர்களும் கொண்டுவந்த மசாலாவே அதன் அடிப்படை.

ரெகே இசையைப் பலரும் அறிவர். 2018இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அவ்விசையோடு நெருங்கிப் பிணைந்த, 1930களில் தோன்றிய ராஸ்தஃபாரி ஒரு சமய நெறி. அதன் சடைமுடியையும் சொற்களையும் பயணிகள் வேடமாக அணிவது சரியன்று.

பயணத்துக்கு நாள் குறிப்பவர் ஆகஸ்ட் முதல் வாரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். 1ஆம் நாள் அடிமைமுறை ஒழிப்பையும், 6ஆம் நாள் 1962இல் பெற்ற விடுதலையையும் நாடு முழுவதும் கொண்டாடுகிறார்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பி மலையேறி ஆங்கிலேயரோடு போரிட்ட மரூன் மக்களின் வரலாறு அறிய விரும்புவோர், ஜனவரி 6 அன்று அக்காம்பாங் ஊரில் நடைபெறும் விழாவுக்குச் செல்லலாம். அங்கே முரசும் கொம்பும் முழங்கும் சடங்குகளைப் படமெடுக்கும் முன் ஊராரிடம் அனுமதி கேளுங்கள்.