வைஃபை முழுசாக இருக்கிறது, சுவரில் படம் இல்லை: லேசர் புரொஜெக்டரில் நாம் விடும் தவறுகள்

திருகோணமலை உப்புவெளியில் ஒரு சாமத்திய வீடு. மாலை ஆறரை. மொட்டைமாடியில் வெள்ளைத் துணி கட்டி, கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய சின்ன லேசர் புரொஜெக்டரை மேசையில் வைத்தாயிற்று. பிள்ளையின் சின்ன வயசுப் படங்களெல்லாம் மாமாவின் போனில். புரொஜெக்டரில் வைஃபை அடையாளம் முழுசாகத் தெரிகிறது. மாமாவின் போனுக்கோ அப்படி ஒரு புரொஜெக்டர் இருப்பதே தெரியவில்லை.

"சிக்னல் காணாது தம்பி, ரவுட்டரை மேல கொண்டு வாங்கோ" என்றார் ஒருவர். "ஹாபரில கப்பல் நிக்குது, அதின்ர ரேடார்தான் குழப்புது" என்றார் இன்னொருவர். கப்பல் பாவம். கப்பல் ரேடார்கள் 3, 9 கிகாஹேர்ட்ஸ் பக்கம் வேலை செய்பவை. நம் வைஃபை 2.4, 5 கிகாஹேர்ட்ஸில் ஓடுகிறது. அது தெரிந்த நானும் ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு இருபது நிமிடம் படி ஏறி இறங்கினேன். கடைசியில் பார்த்தால், புரொஜெக்டர் வீட்டு ரவுட்டரின் விருந்தினர் இணைப்பில் இருந்தது. மாமாவின் போன் பிரதான இணைப்பில். விருந்தினர் இணைப்பில் உள்ள கருவிகளைப் பெரும்பாலான ரவுட்டர்கள் மற்றக் கருவிகளோடு பேச விடாது. இன்டர்நெட் மட்டும் தரும். கோளாறு புரொஜெக்டரிலும் இல்லை, சிக்னலிலும் இல்லை, என் தலையில்தான்.

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒன்றைத்தான் கேட்கிறேன்: படம் எந்த வழியால் சுவருக்கு வரப்போகிறது? புரொஜெக்டருக்குள் இருக்கும் யூடியூப்பைத் திறந்து பார்ப்பதென்றால் அதற்கு இன்டர்நெட் வேண்டும். போன் தேவையே இல்லை. ஐபோனிலிருந்து ஏர்பிளே மூலம் படங்களை அனுப்புவதென்றால் இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். போனில் உள்ள படங்களுக்கு இன்டர்நெட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ரவுட்டர் வேலை செய்துகொண்டிருந்தால் போதும். மிராகாஸ்ட் என்பது மூன்றாவது வழி. அதில் அண்ட்ரொய்ட் போனோ விண்டோஸ் லப்டொப்போ புரொஜெக்டரோடு நேரடியாகவே பேசிக்கொள்ளும், ரவுட்டரே வேண்டாம். ஆனால் ஐபோனில் மிராகாஸ்ட் கிடையாது. அண்ட்ரொய்டிலும் எல்லாப் போனிலும் இல்லை. ஐபோனை வைத்துக்கொண்டு மிராகாஸ்ட் திரையைத் திறந்து காத்திருப்பவர்களை மாதம் ஒருவராவது காண்கிறேன்.

ஹொட்ஸ்பொட் கதை தனி. வீட்டில் வைஃபை எட்டாத முற்றத்தில் எல்லோரும் போனை நீட்டுவார்கள். புதிய போன்கள் பல 5 கிகாஹேர்ட்ஸில் ஹொட்ஸ்பொட் தரக்கூடியவை. விலை குறைந்த புரொஜெக்டர்கள் சிலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். அப்படியானால் ஹொட்ஸ்பொட்டின் பெயரே புரொஜெக்டரின் பட்டியலில் வராது. உடனே "வைஃபை பழுதாப் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அண்ட்ரொய்டில் ஹொட்ஸ்பொட் அமைப்புக்குள் போய் 2.4 என்று மாற்றுங்கள். ஐபோனில் 'மேக்சிமைஸ் கொம்பாட்டிபிலிட்டி' என்ற பொத்தானைப் போட்டால் அதுவும் 2.4க்கு இறங்கிவிடும். இன்னொன்று: ஹொட்ஸ்பொட் தருகிற போனிலிருந்தே படத்தையும் அனுப்பப் பார்க்காதீர்கள். சில போனில் நடக்கும், சிலதில் நடக்காது. ஒருவரின் போன் ஹொட்ஸ்பொட் தரட்டும், மற்றவரின் போனும் புரொஜெக்டரும் அதில் சேரட்டும். சேர்ந்தவுடன் புரொஜெக்டரின் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிடுங்கள். நிறுத்தாவிட்டால், டேட்டா முடிந்துபோன செய்தி பாதி நிகழ்ச்சியில் வரும்.

2.4ஆ, 5ஆ என்று கேட்டால் என் பதில் சுவரைப் பொறுத்தது. 5 வேகமானது, ஆனால் கொங்கிரீட் சுவர் ஒன்று இரண்டு தாண்டுவதற்குள் களைத்துவிடும். 2.4 தூரம் போகும், ஆனால் நெரிசல். ஒன்றையொன்று இடிக்காத அலைவரிசைகள் 1, 6, 11 என்று மூன்றே; போதாததற்கு புளூடூத்தும் அதே இடத்தில்தான். படம் தடுக்கித் தடுக்கி ஓடும்போது புளூடூத் ஸ்பீக்கரை நிறுத்திப் பாருங்கள், சில வேளை அதுவே காரணம். தகரக் கூரைக்கு அந்தப் பக்கம் ரவுட்டர் இருந்தால் இரண்டையும் நம்ப வேண்டாம்.

மே முதல் செப்டம்பர் வரை, நிலாவெளிப் பக்கம் வெளிநாட்டார் நிறைந்திருக்கும் காலத்தில், விடுதி வைஃபை வேறு ஒரு தலையிடி. இணைந்த பிறகு ஒரு பக்கம் திறந்து அறை இலக்கம் கேட்கும். புரொஜெக்டரில் அந்தப் பக்கம் பல நேரம் திறக்காது. விண்டோஸ் லப்டொப்பில் உள்ளே நுழைந்து, அந்த லப்டொப்பிலிருந்தே ஹொட்ஸ்பொட் போட்டுப் புரொஜெக்டருக்குக் கொடுப்பதுதான் எனக்குத் தெரிந்த சுருக்க வழி.

இனி கேபிள். "வயர் போட்டால் பிரச்சினை முடிஞ்சுது" என்பார்கள். பாதி உண்மை. இந்தச் சின்னப் புரொஜெக்டர்கள் பலவற்றில் லான் துவாரமே, அதாவது ரவுட்டர் கேபிளைச் செருகும் இடமே, இல்லை. யூ.எஸ்.பி.யில் செருகும் லான் அடப்டர் வாங்கி வருவார்கள். அந்த அடப்டரைப் புரொஜெக்டரின் மென்பொருள் அடையாளம் கண்டால்தான் வேலை. அதோடு சில யூ.எஸ்.பி. துவாரங்கள் சார்ஜ் ஏற்ற மட்டுமே. கடையிலேயே புரொஜெக்டரில் செருகிப் பார்த்து வாங்குங்கள். வேகத்துக்காகக் காசைக் கொட்ட வேண்டாம்: நெட்பிளிக்ஸ் 4கே படத்துக்கே 15 எம்.பி.பி.எஸ். (வினாடிக்கு 15 மெகாபிட்) போதும் என்கிறது, 100 எம்.பி.பி.எஸ். அடப்டர் தாராளம். கேபிளும் சாதாரண 'கேட் 5ஈ' வகைச் செப்புக் கேபிள் போதும், 100 மீற்றர் வரை. செப்புப் பூசிய அலுமினியக் கேபிள் மலிவு, ஆனால் சுருட்டி விரித்தால் உள்ளே முறிந்துவிடும். தூக்கித் திரிகிற வேலைக்கு அது ஆகாது.

நம் ஊருக்கென்று இரண்டு எதிரிகள். ஒன்று உப்புக் காற்று. டச்சுபே கரையில் ஒரு மாலை வைத்திருந்த கேபிளை அப்படியே சுருட்டிப் பெட்டிக்குள் போட்டால், அடுத்த முறை தலைப்பின் ஊசிகள் மங்கிப் பச்சையேறி இருக்கும். இணைப்பு வந்து வந்து போகும். உலர்ந்த துணியால் துடைத்து, மூடி போட்டு வையுங்கள். மற்றது ஒக்டோபர், நவம்பர் இடி. வீட்டு ரவுட்டரிலிருந்து முற்றத்துக்கு நீளமாக இழுத்த கேபிள் வழியாக மின்னலின் மின்சாரம் புரொஜெக்டருக்கும் ரவுட்டருக்கும் போகலாம். முழக்கம் கேட்டால் கழற்றிவிடுங்கள். மழை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

சின்னவை சில. மாதக்கணக்கில் அணைத்து வைத்த புரொஜெக்டரின் திகதி பின்னால் போயிருக்கும். அப்போது வைஃபை இணையும், ஆனால் யூடியூப் திறக்காது. திகதியைச் சரிசெய்யுங்கள். பாடசாலையில் பாவித்ததை வீட்டுக்குக் கொண்டுவந்தால், அங்கே நிலையாகப் போட்ட ஐபி முகவரி (இணைப்பில் அந்தக் கருவிக்குரிய இலக்கம்) அப்படியே இருக்கும், தானியங்கிக்கு மாற்றுங்கள். முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை என்று அர்த்தம், கேபிளிலிருந்து தேடத் தொடங்கலாம். போன் திரையைப் பிரதிபலிக்கும்போது நெட்பிளிக்ஸ் மட்டும் கறுப்பாகத் தெரிந்தால் அது உரிமைப் பாதுகாப்பு, இணைப்புக் கோளாறு அல்ல. இதெல்லாம் நடக்கும்போது பிள்ளைகள் லென்ஸுக்கு முன்னால் நின்று உள்ளே எட்டிப் பார்க்காமல் யாராவது ஒருவர் கவனியுங்கள். லேசர் வெளிச்சம் கண்ணுக்கு விளையாட்டல்ல.

வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர் என்றால், திருப்பிக் கொடுக்கும்போது வீட்டு வைஃபை பாஸ்வேர்டையும் கூகுள் கணக்கையும் அதிலிருந்து அழிக்க மறப்பவர்களே அதிகம். அழிக்காவிட்டால் அடுத்த கிழமை கிண்ணியாவில் யாரோ வீட்டுச் சுவரில், நீங்கள் இராத்திரி என்னென்ன பார்த்தீர்கள் என்ற யூடியூப் பட்டியல் நூறு அங்குல அகலத்தில் தெரியும்.