எக்ஸ்ரே நார்மல் என்றால் நுரையீரலும் நார்மலா?

"எக்ஸ்ரேவுல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க, ஆனா ரெண்டு மாடி ஏறினா இளைக்குதே?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். முதல் தவறே அங்குதான். சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய் அடைப்பு நாள்பட நீடிக்கும் நுரையீரல் நோய், ஆரம்ப நிலையில் இருந்தால் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். அந்த நோயை உறுதி செய்வது படம் இல்லை, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை இழுத்த பிறகு பலமாக ஊத வேண்டும். வெளியே வந்த மொத்தக் காற்றில் முதல் நொடியில் வந்தது 70 சதவீதத்துக்கும் குறைவு என்றால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். பணம் அதிகமான ஸ்கேன்தான் பெரிய டெஸ்ட் என்று நினைத்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, டாக்டர் ஹெச்.ஆர்.சி.டி. (நுரையீரலை மெல்லிய துண்டுகளாகக் காட்டும் சி.டி. ஸ்கேன்) எழுதிவிட்டார். மெஷினில் படுத்ததும் "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்பார்கள், நம்மில் பலர் தலையை ஆட்டிவிட்டுப் பாதி மூச்சோடு கிடப்போம். காற்று முழுதாக நிறையாத நுரையீரல் படத்தில் மங்கலாக வெளுத்துத் தெரியும், இல்லாத நோய் இருப்பதுபோலக் காட்டும். இருமல் வரும்போல இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், ஒரு முறை பழகிப் பார்த்துவிட்டு எடுப்பார்கள். மல்லாந்து படுத்தால் முதுகுப் பக்கம் அழுந்தி அங்கேயும் வெளுப்பு விழும். குப்புறப் படுக்கச் சொல்வது அதற்காகத்தான்: திரும்பிப் படுத்ததும் மறைந்தால் வெறும் அழுத்தம், அப்படியே நின்றால் நிஜமான பாதிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, ஏற்கெனவே வேறு காரணத்துக்கு எடுத்த 5 மி.மீ. தடிமன் சி.டி. ஸ்கேன் படங்களைக் காட்டி "இதுவே போதுமா?" என்று கேட்பது. நுரையீரல் திசுவின் நுண்ணிய வலைப்பின்னல் தெரிய 1 முதல் 1.5 மி.மீ. துண்டுகள் வேண்டும், வழக்கமாக இதற்கு ஊசி மருந்து தேவைப்படாது. அதற்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களாகவே போய் எடுப்பதும் சரியில்லை. ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் கதிர்வீச்சு ஏறக்குறைய 0.1 மில்லிசீவர்ட்தான், வழக்கமான நெஞ்சு சி.டி.யில் சுமார் 6.

நம் ஊரில் அதிகம் பேரைத் தூங்கவிடாமல் செய்வது ரிப்போர்ட்டில் வரும் 'ஃபைப்ரோசிஸ்' (திசு தழும்பாகி இறுகுவது) என்ற ஒற்றைச் சொல். அதை கூகுளில் போட்டுவிட்டு, ஆயுளே முடிந்ததுபோல உட்கார்ந்துவிடுகிறார்கள். முன்பு டி.பி. வந்து ஆறியவர்களுக்கு நுரையீரலின் மேல்பகுதியில் தழும்பு தங்கிவிடும், அதையும் அந்தச் சொல்லால்தான் எழுதுவார்கள். நுரையீரல் முழுக்க மெல்லப் பரவும் ஃபைப்ரோசிஸ் வேறு நோய். தழும்பைப் புது டி.பி. என்று எண்ணி மறுபடி மாத்திரை தொடங்குவதும் நடக்கிறது. சந்தேகம் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துதான் முடிவெடுக்க வேண்டும்.

இந்தக் குழப்பத்தில் பாதியைத் தீர்ப்பது பழைய ஃபிலிம். அதைத்தான் நாம் பீரோ மேல் சுருட்டிப் போட்டிருப்போம், இல்லையென்றால் கிரகணம் பார்க்க எடுத்துக் கொடுத்திருப்போம் (அதற்கும் அது ஆகாது, கண் போய்விடும்). நாலு வருஷத்துக்கு முன் இருந்த அதே கோடு இன்றும் அதே அளவில் இருந்தால், டாக்டர் பேசும் தொனியே மாறிவிடும். வெளிச்சத்தில் பிடித்து வாட்ஸ்அப்பில் எடுத்த போட்டோவில் அந்தக் கோடு தெரியாது. ஃபிலிமையும் சி.டி. ஸ்கேனோடு கொடுத்த டிஸ்க்கையும் ஒரே கவரில் போட்டுத் தேதி எழுதி, அடுத்த முறை கையோடு கொண்டுபோங்கள்.