வால்டாக்ஸ் ரோடு, மண்ணடி லாட்ஜில் அறை எடுக்குமுன்

விடியற்காலை ரயிலில் சென்னை சென்ட்ரல் வந்து இறங்குபவர்கள் வாடகையைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது: "செக்அவுட் 24 மணி நேரமா, பகல் 12 மணியா?" 12 மணிக் கணக்கு என்றால், காலை 5 மணிக்கு நுழைந்தவருக்கு ஏழே மணி நேரத்தில் ஒரு நாள் முடிந்துவிடும். அப்படிப்பட்ட இடமானால் பையைப் பூட்டி, ரயில் டிக்கெட்டைக் காட்டி ஸ்டேஷன் கிளோக் ரூமில் போட்டுவிட்டு மதியம் அறை எடுப்பதே லாபம்.

அட்வான்ஸ் கொடுக்குமுன் அறையைப் பார்த்தே ஆக வேண்டும். மெத்தையின் மூலைத் தையலை விரித்து செல்போன் டார்ச் அடியுங்கள். பேனா மை தெறித்ததுபோல் கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. விரிப்பை மாற்றித் தந்தாலும் போகாது, வேறு அறை கேளுங்கள். தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள். குழாய்த் தண்ணீரில் ஒரு சொட்டு நாக்கில் வைத்தாலே உப்பு தெரியும். சோப்பு நுரைக்காது, குடிக்க கேன் தண்ணீர்தான். வெந்நீர் எத்தனை மணி வரை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மண்ணடியில் தெருப்பக்க அறை வேண்டாம், சரக்கு வண்டிச் சத்தம் தூங்க விடாது. மெட்ரோவில் அங்கிருந்து சென்ட்ரல் இரண்டாவது நிறுத்தம்தான்.

ஒரிஜினல் ஆதாரைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். நகல் கேட்டால் முதல் 8 எண்கள் மறைக்கப்பட்ட ஆதார் பிரதி போதுமா என்று கேட்டுப் பாருங்கள். அட்வான்ஸ் ரசீதில் நுழைந்த நேரத்தையும் எழுதி வாங்குங்கள். தகராறு பெரும்பாலும் அதில்தான் வரும்.