வெர்சாய்க்கு ஒரு நாள்: முதலில் தோட்டம், அப்புறம்தான் அரண்மனை

பாரிசுக்கு வரும் சொந்தக்காரர்கள் ஈஃபிள் கோபுரத்துக்கு அடுத்தபடியாகக் கேட்பது வெர்சாய்தான். கூட்டிக்கொண்டு போய்ப் போய் எனக்கென்று ஒரு வழிமுறை படிந்துவிட்டது. வாட்ஸாப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அலுத்துப்போனதால் இங்கே எழுதி வைக்கிறேன். விசா, விமானம், ஹோட்டல் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். பாரிஸ் நகருக்குள் ஒரு காலை வேளையில் நிற்கிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

படி 1: எந்த நாள் என்று முடிவு செய்யுங்கள்

பெரும்பாலானவர்கள் அரண்மனைக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, தோட்டத்தைப் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று வருகிறார்கள். நான் சொல்வது நேர்மாறு. அரண்மனை எல்லா நாளும் ஒரே மாதிரிதான் இருக்கும். தோட்டம் அப்படியில்லை, கிழமைக்குக் கிழமை, பருவத்துக்குப் பருவம் வேறு வேறு. அதனால் தோட்டத்துக்குத் தோதான நாளைப் பிடித்துவிட்டு, அரண்மனை நேரத்தை அதில் செருகுங்கள்.

திங்கட்கிழமை அரண்மனை மூடல். அதே வளாகத்தில் தள்ளி இருக்கும் திரியானோன் என்ற சிறு மாளிகைகளும் மூடல். தோட்டம் மட்டும் திறந்திருக்கும். செவ்வாய்க்கிழமை லூவர் அருங்காட்சியகம் மூடியிருப்பதால் அந்தக் கூட்டமும் சேர்ந்து இங்கே வந்துவிடும், முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள்.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சனி, ஞாயிறுகளில் நீரூற்றுகளை இசையோடு ஓடவிடுவார்கள். கூட்டம் இருக்கும், இருந்தாலும் முதல் தடவை வருபவருக்கு நான் இந்த நாள்களைத்தான் சொல்வேன். மற்றப் பல நாள்களில் இசை மட்டும் ஒலிக்கும், ஊற்றுகள் பெரும்பாலும் சும்மா கிடக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை தோட்டத்துக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் உறைபனிக்குப் பயந்து பளிங்குச் சிலைகளுக்குத் துணி உறை மாட்டிவிடுவார்கள், ஊற்றுகளும் நின்றிருக்கும். நடைப்பயிற்சிக்கு நல்ல காலம், அவ்வளவுதான்.

படி 2: டிக்கெட்

இங்கேதான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வெர்சாய் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் நான்கு இடங்கள். அரண்மனை ஒன்று. அதன் பின்னால் இருக்கும் தோட்டம் இரண்டு. அதற்கும் அப்பால் பெருங்கால்வாயைச் சுற்றியுள்ள பூங்கா மூன்று. வடமேற்கு மூலையில் திரியானோன் மாளிகைகள் நான்கு. மொத்தப் பரப்பு 800 ஹெக்டேருக்கு மேல். பூங்காவுக்குள் நடந்து போக எந்த நாளும் காசு இல்லை. தோட்டத்துக்கு இசை நாள்களில் (ஊற்றும் ஓடினாலும் சரி, இசை மட்டும் ஒலித்தாலும் சரி) மட்டும் காசு உண்டு. அரண்மனைக்கு எடுத்த டிக்கெட், இசை நாளில் தோட்டத்துக்குச் செல்லாது!

வழக்கமாக நடப்பது இது. அரண்மனைக்கு மட்டும் டிக்கெட் எடுத்து, உள்ளே பார்த்து முடித்து, ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வெளியே வந்தால், தோட்ட வாசலில் இன்னொரு டிக்கெட் கேட்பார்கள். அங்கேயே வாங்கலாம், ஆனால் அதற்கு ஒரு வரிசை. இதைத் தவிர்க்க, எல்லாம் அடங்கிய ‘பாஸ்போர்ட்’ என்ற டிக்கெட்டை அதிகாரபூர்வத் தளத்திலேயே எடுத்துவிடுங்கள். (கடவுச்சீட்டைக் காட்டி வாங்கும் டிக்கெட்டா என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். இல்லை, டிக்கெட்டின் பெயரே அதுதான்.) விலை அடிக்கடி மாறுவதால் இங்கே எழுதவில்லை, தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சிக்கல் பிள்ளைகள். 18 வயதுக்குக் கீழே அரண்மனை இலவசம். அதை வைத்துக்கொண்டு தோட்டமும் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். இசை நாளில் சின்னஞ்சிறுசுகளுக்கு மட்டுமே விலக்கு. பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் தோட்ட டிக்கெட் எடுக்க வேண்டும். வயதைக் காட்ட ஏதாவது அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

பல அருங்காட்சியகங்களுக்குச் சேர்த்து எடுக்கும் பாரிஸ் மியூசியம் பாஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். அரண்மனை, திரியானோன் அதில் அடங்கும். இசை நாள் தோட்டம் அடங்காது. இன்னொன்று: பாஸ் இருந்தாலும், இலவசமாகப் போகிறவராக இருந்தாலும், அரண்மனைக்கு நேரம் முன்பதிவு செய்தே ஆக வேண்டும். அந்த நேரம் வாசலுக்கான நேரம்தான். பாதுகாப்புச் சோதனை வரிசையில் எல்லோரையும் போல நிற்கத்தான் வேண்டும், அதற்குத் தனியாக நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

எந்த நேரத்தைப் பதிவு செய்வது? எல்லா வழிகாட்டிகளும் காலை ஒன்பது மணி என்பார்கள். நான் பிற்பகல் மூன்றரை, நான்கு மணி என்பேன். சுற்றுலாப் பேருந்துக் குழுக்கள் அதற்குள் கிளம்பிவிடும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, படி 5இல் சொல்கிறேன்.

படி 3: ரயில்

ஆர்.இ.ஆர். சி என்ற புறநகர் ரயிலைப் பிடித்து ‘வெர்சாய் ஷாத்தோ ரீவ் கோஷ்’ நிலையத்தில் இறங்குங்கள். அதுதான் கடைசி நிறுத்தம். அங்கிருந்து அரண்மனை பத்து நிமிட நடை. அதே சி தடத்தில் ‘வெர்சாய் ஷாந்தியே’ வழியாகப் போகும் ரயிலும் உண்டு. அதில் ஏறினால் நடை கிட்டத்தட்ட இரட்டிப்பு. நடைமேடைப் பலகையில் ‘ஷாத்தோ’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

2025 ஜனவரியிலிருந்து, விமான நிலையங்கள் நீங்கலாக, பாரிஸ் வட்டாரம் முழுவதற்கும் ரயில், மெட்ரோவுக்கு ஒரே கட்டணம். அது தொடங்கியபோது 2.50 யூரோ. முன்பு போல ‘வெர்சாய்க்குத் தனி டிக்கெட்’ என்ற குழப்பம் இப்போது இல்லை. டிக்கெட்டை நவிகோ ஈசி என்ற பயண அட்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஒன்றைத் தட்டிவிட்டு இருவர் நுழைய முடியாது. திரும்பி வரும் பயணத்தையும் காலையிலேயே ஏற்றிவிடுவது நல்லது. மாலையில் வெர்சாய் நிலைய இயந்திரங்களின் முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

மெட்ரோ 9இல் போய் போன் த செவ்ரில் 171ஆம் எண் பேருந்து பிடிப்பது பழைய சிக்கன வழி. இப்போது பேருந்து டிக்கெட் வேறு, ரயில் டிக்கெட் வேறு என்றாகிவிட்டதால் அதில் லாபம் இல்லை. அரண்மனைக்கு எதிரிலேயே இறக்கிவிடும் என்பது மட்டும் மிச்சம்.

*சேர்க்கை:* ஜூலை, ஆகஸ்டில் வந்த சிலர் ‘சி ரயிலே ஓடவில்லையே’ என்று எழுதியிருந்தார்கள். கோடையில் நகரின் நடுப்பகுதியில் பராமரிப்பு வேலைக்காக அந்தத் தடத்தை நிறுத்துவது வழக்கம். அப்போது மொன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ‘என்’ (N) தடத்தில் வெர்சாய் ஷாந்தியே போகலாம், அல்லது சேன் லசார் நிலையத்திலிருந்து ‘எல்’ (L) தடத்தில் வெர்சாய் ரீவ் துருவாத் போகலாம். எனக்குப் பிடித்தது எல் தடம்தான். வெர்சாய் ஊரின் சந்தைப் பக்கமாக நடந்து வரலாம், ரயிலிலும் சுற்றுலாக் கூட்டம் குறைவு.

படி 4: தோட்டம்

இந்தத் தோட்டத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று முதலில் செய்முறை விளக்கம் எழுதியவர் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியே. 1689இலிருந்து 1705க்குள் பல தடவை திருத்தித் திருத்தி எழுதியிருக்கிறார். எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று விருந்தாளிகளுக்குக் கட்டளை போட்ட குறிப்பு அது. முந்நூறு ஆண்டு தாண்டியும் அதன் தொடக்கத்தை மாற்ற எனக்குக் காரணம் தெரியவில்லை.

அரண்மனைக்குப் பின்னால் மொட்டைத்தளம் போன்ற மேடைக்கு வந்து, படிக்கட்டின் தலைப்பில் நில்லுங்கள். அவசரப்பட்டு இறங்கவேண்டாம். நேர் எதிரே லத்தோனா ஊற்று, அப்பால் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி ஒரு புல்வழி, அதன் முடிவில் அப்பல்லோ குளம், பிறகு கால்வாய். எல்லாம் கைக்கெட்டும் தூரம் போலத் தெரியும். அது தோட்டத்தை வகுத்த ஆந்த்ரே லெ நோத்ரின் கண்கட்டு வேலை. புல்வழி மட்டுமே 335 மீட்டர். கால்வாயின் நீளம் 1.67 கிலோமீட்டர். ‘அதோ தெரிகிறதே’ என்று பெரியவர்களைக் கிளப்பிக்கொண்டு போய்விடாதீர்கள்.

கீழே இறங்கியதும் லத்தோனாவை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அப்பல்லோவின் தாயைக் குளத்து நீர் குடிக்கவிடாமல் சேற்றைக் கலக்கிய குடியானவர்கள் தவளைகளாக மாறிய கதை. விளிம்பில் இருக்கும் உருவங்களைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்: உடல் இன்னும் மனிதனுக்கு, முகம் மட்டும் தவளைக்கு. வாய் காதுவரை கிழிந்து கத்துகிறது, அந்த வாயிலிருந்துதான் தண்ணீர் பீய்ச்சும்.

இங்கிருந்து நான் அரசரின் பேச்சைக் கேட்பதில்லை. நேரே போகாமல் இருபுறமும் உள்ள வேலி மறைத்த சோலைகளுக்குள் நுழைந்துவிடுங்கள். காசு வாங்கும் நாள்களில்தான் இவற்றைத் திறந்துவிடுவார்கள். அந்தக் காசின் பொருளே இவைதான். கிளிஞ்சலும் கரட்டுக் கல்லும் பதித்த படிகளில் நீர் இறங்கும் நடன மண்டபச் சோலை ஒன்று. என்செலாதுஸ் சோலை இன்னொன்று: பாறைச் சரிவில் புதைந்துகொண்டிருக்கும் பொன் பூசிய அரக்கன், முகமும் கைகளும் மட்டும் வெளியே. பிள்ளைகள் இந்த இடத்தைவிட்டு நகரமாட்டார்கள்.

ஊற்றுகள் நாள் முழுக்க ஓடாது. காலையில் ஒரு பொழுது, பிற்பகலில் ஒரு பொழுது. இந்தக் கஞ்சத்தனம் இன்று நேற்று வந்ததல்ல. குன்றின் மேல் இருக்கும் அரண்மனைக்கு ஆற்று நீர் தானாக ஏறாது. சேன் நதியிலிருந்து நீர் ஏற்ற மார்லியில் 14 பெரிய சக்கரங்கள் கொண்ட இயந்திரத்தை அமைத்தார்கள். 1684இல் அது ஓடத் தொடங்கியது. அதுவும் போதவில்லை. அரசர் நடந்து வரும் திசையை ஊழியர்கள் சீழ்க்கை அடித்துத் தெரிவிக்க, அவர் போகும் பக்கத்து ஊற்றை மட்டும் திறந்து, கடந்ததும் மூடுவார்களாம். இன்றும் நீர் ஈர்ப்பு விசையில்தான் வருகிறது. ஆகவே வாசலில் தரும் வரைபடத்தில் ஊற்று நேரங்களைப் பேனாவால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். செயலியிலும் இருக்கிறது, ஆனால் வெயிலில் திரையைப் பார்ப்பதைவிடக் காகிதம் மேல்.

சாப்பாடு: தோட்டத்துக்குள் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்க அனுமதி இல்லை. அரண்மனைக்குத் தெற்கே சாலையைத் தாண்டி ‘சுவிஸ்காரர் ஏரி’ இருக்கிறது. அதன் கரையில் தாராளமாக விரிக்கலாம்.

திரியானோனுக்கு அரண்மனையிலிருந்து அரைமணி நடை. நண்பகல் 12க்குத்தான் திறக்கும். முட்டி வலி உள்ளவர்களுக்கு வடக்கு மேடையிலிருந்து கிளம்பும் குட்டி ரயில் உண்டு. வாடகை சைக்கிளைப் பூங்காவில் ஓட்டலாம், தோட்டத்துக்குள் ஓட்ட முடியாது. நேரம் குறைவென்றால் திரியானோன் மாளிகைகளை விட்டுவிட்டு, 1783இல் அரசி மரி அந்துவானேத் கட்டத் தொடங்கிய ஓலைக்கூரைக் குக்கிராமத்தை மட்டும் பார்த்துத் திரும்புங்கள்.

படி 5: அரண்மனை

‘ஏ’ வாசல். பெரிய பெட்டி, செல்ஃபி குச்சி, முக்காலி, ஃபிளாஷ் எதுவும் கூடாது. வெளியே வந்துவிட்டால் அதே டிக்கெட்டில் மறுபடி உள்ளே போக முடியாது, எனவே கழிப்பறை, தண்ணீர் எல்லாவற்றையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அரண்மனையின் சொந்தச் செயலியை இலவசமாக இறக்கி, ஒலிவழிகாட்டியை வீட்டிலேயே பதிவிறக்கி வையுங்கள். அங்கே நெட் நம்பமுடியாது.

மேல்தளத்தில் முதலில் வரும் பெரிய அறை ஹெர்குலிஸ் கூடம். எல்லோரும் அண்ணாந்து கூரை ஓவியத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நம் ஆட்கள் ஒரு நிமிடம் கூடுதலாக நிற்கலாம்: 1788 ஆகஸ்ட் 10 அன்று திப்பு சுல்தானின் மூன்று தூதர்களைப் பதினாறாம் லூயி வரவேற்றது இங்கேதான். ஆங்கிலேயருக்கு எதிராகப் படை உதவி கேட்டு வந்தார்கள். உபசாரம் பலமாகக் கிடைத்தது, படை கிடைக்கவில்லை.

அடுத்து கண்ணாடிக் கூடம். 73 மீட்டர் நீளம், 17 வளைவுகள், வளைவுக்கு 21 ஆக 357 கண்ணாடிகள். பெரிய தகடாக வார்க்கத் தெரியாத காலம் என்பதால் துண்டு துண்டாகச் சேர்த்திருக்கிறார்கள். அருகில் போனால் இணைப்புகள் தெரியும். இந்தக் கூடத்தின் ஜன்னல்கள் மேற்கு பார்த்தவை. பிற்பகல் வெயில் தோட்டத்துப் பக்கமிருந்து நேரே உள்ளே விழுந்து எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் பட்டுத் திரும்பும். காலையில் வந்தால் இது கிடைக்காது. பிற்பகல் நான்கு மணி வாக்கில் பதிவு செய்யச் சொன்னது இதற்காகத்தான். முதல் உலகப் போருக்குப் பின் 1919 ஜூன் 28 அன்று வெர்சாய் ஒப்பந்தக் கையெழுத்து நடந்த இடமும் இதுவே.

அரசியின் படுக்கையறையில் கட்டிலுக்கு இடப்பக்கச் சுவரைக் கவனியுங்கள். பட்டு ஒட்டிய சுவரோடு சுவராக ஒரு கதவு ஒளிந்திருக்கும். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1789 அக்டோபர் 6 விடியலில் கூட்டம் உள்ளே புகுந்தபோது மரி அந்துவானேத் தப்பியது அதன் வழியாக. கயிற்றுத் தடுப்பின் ஓரத்தில் நின்றால் நன்றாகத் தெரியும்.

மற்ற அறைகளில் நின்று நின்று பார்த்தால் கால்தான் வலிக்கும். நடந்துகொண்டே பாருங்கள்.

*இன்னொரு சேர்க்கை:* ‘அரண்மனை வேண்டாம், தோட்டம் மட்டும் போதும், முடியுமா?’ என்று கேட்கிறார்கள். தாராளமாக. முற்றத்தின் பக்கவாட்டு வழியாக நேரே தோட்டத்துக்குப் போகலாம், முன்பதிவு நேரம் தேவையில்லை. இசை நாளென்றால் தோட்ட டிக்கெட், மற்ற நாளென்றால் அதுவும் வேண்டாம். கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். அரண்மனைக்குள் நெரிசலில் அழும் குழந்தையை வைத்துக்கொண்டு முன்னும் போகமுடியாது, பின்னும் வரமுடியாது.